தண்ணீர் லாரிக்குப் பின்னால்

ஹலோ... ஹலோ, சுஹைப்? கேக்குதா?... ஆமா, நான்தான், அரீஜ். கீழ, கிளம்புற எடத்துலதான் நிக்கிறேன். எனக்கு முன்னாடி இன்னும் ஏழெட்டு வண்டி இருக்கு... இல்ல, பயமெல்லாம் இல்ல. ஒண்ணு கேக்கணும். சுத்தி வளைக்காம பதில் சொல்லு. என் வண்டிய என்ன பண்ணி வச்சே?

... என்ன ‘என்ன’? வண்டிய என்ன பண்ணேன்னு கேக்குறேன்.

... டயர்ல காத்து சரியாத்தான் இருக்கு. பெட்ரோலும் போன பந்தயத்துக்கு ஊத்தின அதே பெட்ரோல்தான். காலையில ஒத்திகை ஓட்டத்துல மூணாவது வளைவு தாண்டினதும் காலை முழுசா அமுக்கினேன். அமுக்கினா போகணுமில்ல?... ஆமா, போச்சு. பால் பாக்கெட் வாங்கப் போற மாதிரி போச்சு. அந்த எடத்துல எப்பவும் முதுகு சீட்டோட ஒட்டிக்கும். நாலு சக்கரமும் ஒரே நேரத்துல ரோட்டைப் பிறாண்டி இழுக்கும். டர்போ காதுக்குள்ள விசிலடிக்கும். இன்னைக்கு விசிலும் இல்ல, இழுப்பும் இல்ல. சளி புடிச்ச மாதிரி இருமிக்கிட்டே ஏறுது.

... வெயிலா? எந்த வெயில்? ரோட்டோரத்துல ராத்திரி விழுந்த ஈரம் கூட இன்னும் காயல.

... சுஹைப். நிறுத்து. நான் மருந்துக்கடையில வேலை பாக்குறவ. மருந்துல தண்ணி கலந்திருந்தா பாட்டிலைக் குலுக்கிப் பாத்தே சொல்லிருவேன். மூணு வருஷமா இந்த சுபாருவ இந்த மலையில ஏத்துறவ நான். எந்த எடத்துல எவ்வளவு இழுக்கும்னு என் முதுகெலும்புக்குத் தெரியும். டர்போ அழுத்தத்தைக் கொறைச்சிருக்கே. எஞ்சின் கம்ப்யூட்டர்ல கைய வச்சிருக்கே. ஆமாவா, இல்லையா?

(அவளுக்குப் பின்னாலிருந்து ஓர் எஞ்சின் சீறி எழுந்து அடங்குகிறது.)

... ம்... ம்... எப்ப?... நேத்து சாயங்காலமா. என்னை வீட்டு வாசல்ல எறக்கி விட்டு, ‘நல்லா தூங்கு, நாளைக்குப் பறக்கணும்’னு சொன்னியே. அதுக்கு அப்புறமா?... சரி. அதுக்கு அப்புறம்.

... யாரு சொன்னது?... பெரியப்பாவா? பெரியப்பாவுக்கு டர்போன்னா என்னன்னு தெரியுமா?... ஓ. முஹன்னதுக்காக. அவன் கைக்குப் போற வண்டி, அவன் ஓட்டுற அளவுக்கு அடக்கி வைக்கணும். நியாயம்தான். பெரியப்பா மகன் உசுரு முக்கியம். ஆனா அதை நாளைக்குப் பண்ணக் கூடாதா, சுஹைப்? நாளன்னைக்குப் பண்ணக் கூடாதா? இன்னைக்கு என் கடைசி ஓட்டம்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சும் பல்லைப் புடுங்கி அனுப்புறே.

... இல்ல, இரு. ‘உன் நல்லதுக்குத்தான்’னு சொல்லாதே. போன வருஷம் மழையில, ஏழாவது வளைவுல பின்பக்கம் வழுக்கி, பள்ளத்துக்கு ஒரு கை தூரத்துல நின்னேன். அப்ப நீ என்ன சொன்னே? ‘ஏன் காலை எடுத்தே, எடுக்காம இருந்தா முன் சக்கரம் இழுத்திருக்கும்’னே. சொன்னியா இல்லையா? அன்னைக்கு இல்லாத அக்கறை இன்னைக்கு எங்கேர்ந்து வந்துச்சு?

... சரி, விடு. அதைப் பேசி என்ன. வண்டிய நான் சரி பண்ணிட்டேன்.

... எப்படியா? இங்க கீழ நிக்கிற கிரிகோர் அண்ணன்கிட்ட போனேன்... ஆமா. அதே கிரிகோர்தான். பயாதர் வட்டாரத்துல உன் ஒர்க்‌ஷாப்புக்கு எதிர் ஒர்க்‌ஷாப். நீ தெருவுல பாத்தா சலாம் கூடச் சொல்லாத கிரிகோர். போன பந்தயத்துக்கு நீ போட்ட எஞ்சின் கம்ப்யூட்டர் அமைப்பு என்கிட்ட பென்டிரைவ்ல இருந்துச்சு. அதைக் கொண்டு போய் நீட்டினேன். அவரு ஒண்ணும் கேக்கல. லாப்டாப்பை எடுத்துட்டு வந்து, குனிஞ்சு உக்காந்து, போட்டுக் கொடுத்துட்டாரு. அவரு மகன் இன்னைக்கு என் வகுப்புலதான் ஓட்டுறான், தெரியுமில்ல? ‘தங்கச்சி, என் பையன் ஜெயிக்கணும்னு எனக்கும் ஆசைதான். ஆனா காலைக் கட்டிப் போட்ட குதிரைய ஜெயிச்சுட்டு எப்படி வீட்டுக்குப் போறது’ன்னாரு. அந்த மனுஷனுக்கு இருக்குற ரோஷம்...

... கத்தாதே. கத்தாதே, சுஹைப். என்ன ரகசியம்? உன் டர்போ கணக்கா ரகசியம்? அவரு அதைப் பாத்து ரெண்டு எடத்துல சிரிச்சாரு, அது வேற விஷயம். இங்க கீழ நிக்கிற ஒருத்தர் விடாம எல்லாருக்கும் தெரியும், இந்த வண்டிய ஓட்டுறது நான்னு. ஓட்டுறதுக்கான உரிமம் என் பேர்ல இருக்கு. கதவுல இருபத்தேழுன்னு ஒட்டிக் கொடுத்தவருக்குத் தெரியும். கொடிக்காரருக்குத் தெரியும். தேத்தண்ணி விக்கிறவருக்குத் தெரியும். தெரியாதது யாருக்கு? மேல, பைன் மரத்தடியில பாய் விரிச்சு உக்காந்திருக்குற நம்ம ரெண்டு வீட்டு ஆம்பளைங்களுக்கு மட்டும்தான்.

... வந்துட்டாங்களா? எல்லாருமா?... உனக்காகப் பொண்ணு கேட்டு வந்த பெரியவரு, பாஷா வேறயா! வரட்டும், வரட்டும். மாப்பிள்ளையோட கடைசி ஓட்டத்தைப் பாக்கணுமில்ல. முஹன்னத்?... ரிப்பனா? நிஜமாவா சொல்றே? வண்டிக்குக் கட்ட சிவப்பு ரிப்பன் வாங்கிட்டு வந்திருக்கானா?

(சிரிக்கிறாள். சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.)

போன மாசம் அவன் ரொட்டிக்கடை வாசல்ல ரிவர்ஸ் எடுக்கத் தெரியாம எறங்கி, கடைக்காரரையே எடுத்துத் தரச் சொன்னான். அதுவும் கியரே போட வேண்டாத வண்டி. அவன் கைக்கு இது போகுது. கிளட்சு எந்தக் காலுக்குன்னு முதல்ல காட்டிக் கொடுத்துடு.

... ஆமா, ஆமா, வண்டிய எடுத்துட்டேன், ஒரு வண்டி முன்னாடி போயிருச்சு, நகந்துட்டேன். நீ இப்ப எங்க நிக்கிறே?... தண்ணி லாரிக்குப் பின்னாடி. அதே எடம். அதே சிவப்பு உடுப்பு போட்டிருக்கியா?... ஹெல்மெட்டும் மாட்டிட்டியா? அதனாலதான் உன் குரல் குடத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கு.

மூணு வருஷம், சுஹைப். நான் முடிவுக்கோட்டைத் தாண்டுவேன். வளைவுல திரும்பி அந்த லாரி மறைவுல நிறுத்துவேன். நீ ஏறுவே, நான் எறங்குவேன். உடுப்பு மேல அபாயாவ மாட்டிக்கிட்டு, கைக்கடிகாரம் பாக்குற பொண்ணு மாதிரி நேரம் குறிக்கிறவங்க கூடாரத்துக்குள்ள போயிருவேன். இன்னும் கண்ணுக்குள்ள ரோடு ஓடிக்கிட்டிருக்கும். நீ மெதுவா மரத்தடிக்கு ஓட்டிட்டுப் போய், ஹெல்மெட்டைக் கழட்டுவே. உங்கப்பா உன்னைக் கட்டிப் புடிச்சுக்குவாரு. கைதட்டுற சத்தம் எனக்குக் கூடாரத்துல கேக்கும். கோப்பை உங்க வீட்டு அலமாரியில. ஒரு தடவை உங்கம்மா எனக்கு அதைத் துடைச்சுக் காட்டி, ‘என் பிள்ளை எப்படிப்பட்டவன் பாரு’ன்னாங்க. நானும் பாத்தேன்.

... தெரியும். ஒளிச்சது நான்தான். ஒத்துக்கிறேன். பெரியப்பாவுக்குத் தெரிஞ்சா வேலைக்குக் கூட அனுப்ப மாட்டாருன்னு நான்தான் சொன்னேன். வண்டிய உன் பேர்ல எழுதினதும் அதுக்குத்தான். ஊர்ல பொண்ணுங்க பகிரங்கமா ஓட்டுறாங்க, படம் வருது, பேட்டி கொடுக்குறாங்க. எங்க வீடு அப்படி இல்ல. அது உனக்கும் தெரியும். ஆனா ‘கொஞ்ச நாள் பொறு, பொண்ணு கேட்டு ஜாஹா வரட்டும். நாலு பெரிய மனுஷங்க முன்னாடி நானே சொல்றேன். பாஷா காதுல முன்னாடியே போட்டு வைக்கிறேன். அவரு சொன்னா உங்க பெரியப்பா மறுக்க மாட்டாரு’. இது யாரு சொன்னது? நானா?

... ம். நீதான்.

போன வெள்ளிக்கிழமை ஜாஹா வந்துச்சு. உங்க பக்கத்து ஆம்பளைங்க அத்தனை பேரும் கோட்டு போட்டு, பாஷாவ முன்னாடி விட்டு, எங்க வாசலுக்கு வந்தீங்க. நான் எங்க இருந்தேன்னு தெரியுமா? சமையக்கட்டுக் கதவுக்குப் பின்னாடி. அம்மாவும் அத்தைங்களும் தட்டுல இனிப்பு அடுக்கிக்கிட்டு இருந்தாங்க. நான் கதவு இடுக்குல காதை வச்சுக்கிட்டு நின்னேன். என் நெஞ்சு எப்படி அடிச்சுச்சு தெரியுமா? கிளம்புற கோட்டுல கூட அப்படி அடிச்சதில்ல. ஏன்னா நீ சொல்லப் போறேன்னு நான் நம்பினேன்.

பாஷாவுக்குக் காப்பி ஊத்தினாங்க. அவரு வழக்கப்படி குடிக்காம முன்னாடி வச்சாரு. கேட்டது கிடைக்கிற வரைக்கும் குடிக்க மாட்டாரு. அந்தக் காப்பி அப்படியே இருக்குற வரைக்கும் எதுவும் முடிவில்ல. யார் வேணா வாயைத் திறக்கலாம், யார் வேணா நிபந்தனை சொல்லலாம். சரியா? அப்ப அவரு பேச ஆரம்பிச்சாரு. அந்தப் பேச்சை நான் இந்த ஒரு வாரமா மனசுக்குள்ள ஓட விட்டு ஓட விட்டுக் கேட்டுட்டேன், சுஹைப். வரிக்கு வரி சொல்லுவேன். ரத்தினம்னாரு, மாதுளைன்னாரு, மானுன்னாரு. அவ்வளவு நேரப் பேச்சுல அரீஜ்ங்கிற பேரு ஒரு தடவை கூட வரல. வண்டியோட பேரு வந்துச்சு. எந்த வருஷத்து வண்டின்னு கூட வந்துச்சு. ‘ரும்மான் மலையையே அடக்கின வீரனுக்குப் பொண்ணு கேட்டு வந்திருக்கோம்’னாரு. நீ தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தே. வெக்கம்னு எல்லாரும் நினைச்சாங்க. நானும் வெக்கம்னுதான் நினைச்சேன். வேற மாதிரி வெக்கம்னு.

... இரு, முடிக்கலை. பெரியப்பா சொன்னாரு: ‘பாஷா, பொண்ணு உங்க பொண்ணு. ஆனா ஒரே ஒரு மனக்குறை. மாப்பிள்ளை அந்த வண்டிய மலையில பறக்க விடுறாராம். எங்க பொண்ணு சின்ன வயசுல விதவையாக் கறுப்பு உடுத்துறதை நாங்க பாக்கக் கூடாது.’ அப்புறம் உன்னையே கேட்டாரு, ‘தம்பி, ஓட்டுறது நீங்கதானே?’ன்னு. நேருக்கு நேரா கேட்டாரு. காப்பி இன்னும் அப்படியே இருந்துச்சு. சுஹைப், அதைவிட நல்ல வாசல் ஒரு மனுஷனுக்குத் திறக்குமா? அவரே கதவைத் திறந்து ‘வா, சொல்லு’ங்கிறாரு.

நீ என்ன சொன்னே?

... சத்தமா சொல்லு... ‘அல்ஹம்துலில்லாஹ்’னு சொன்னே. அவ்வளவுதான் சொன்னே. ஆண்டவனை சாட்சிக்குக் கூப்பிட்டு அந்தப் புகழை எடுத்து மடியில கட்டிக்கிட்டே.

அப்புறம் பாஷாவுக்குக் கொடைவெறி ஏறிருச்சு. ‘அபூ முஹன்னத், மாணிக்கம் கேட்டு வந்தவங்க ஒரு இரும்புத் துண்டுக்காகத் தயங்குவோமா? அந்த வண்டி இந்த நிமிஷத்துலேர்ந்து எங்களோடது இல்ல. உங்க மகன் முஹன்னதுக்கு எங்க அன்பளிப்பு!’ன்னாரு. ஒருத்தர் கூட உன்கிட்ட கேக்கல. உன் முகத்தைக் கூடப் பாக்கல. என்னைக் கேக்க யாரு இருக்கா? பெரியப்பா உருகிட்டாரு. ‘காப்பிய குடிங்க பாஷா’ன்னாரு. குடிச்சுட்டாரு. முடிஞ்சு போச்சு. உள்ள பொம்பளைங்க குலவை விட்டாங்க. அத்தை என் தோளைப் புடிச்சு உலுக்குறா, சந்தோஷத்துல அழுறேன்னு நினைச்சு.

... தெரியும். ஜாஹாவுல கொடுத்த வார்த்தைய திருப்பி வாங்க முடியாது. பாஷா முகத்துல கரி பூசின மாதிரி ஆயிரும். அதை நீ எனக்குச் சொல்லித் தர வேண்டாம், நான் இந்த ஊர்லதான் பொறந்தேன். ஆனா ஒண்ணு சொல்லு. அவரு உன்னோடதைக் கொடுத்தாரா, என்னோடதைக் கொடுத்தாரா?

... ‘நம்மளோடது.’ நல்லா இருக்கு. கொடுக்கும்போது உன்னோடது, அழும்போது நம்மளோடது.

(ஒலிபெருக்கியில் ஓர் எண் சொல்லப்படுகிறது. கற்கள் தெறிக்க ஒரு வண்டி கிளம்பும் ஓசை. பிறகு அவளுடைய குரல் தாழ்ந்து ஒலிக்கிறது.)

... இல்ல. இல்ல, உன் வேலையை நான் கொறை சொல்லல. அதை மட்டும் எப்பவும் சொல்ல மாட்டேன். சந்தையில கெடந்த அந்த வண்டிய நீதான் வண்டியாக்கினே. சீட்டு, கம்பளம், ரேடியோ எல்லாத்தையும் புடுங்கிப் போட்டு உள்ள இரும்புக் கூண்டை நீ பத்த வச்சப்ப நான் விளக்கு புடிச்சுக்கிட்டு நின்னேன். முன்னாடிக்கும் பின்னாடிக்கும் சக்தியப் பிரிச்சுக் கொடுக்குற அந்தப் பல்சக்கரப் பெட்டிய நீ எத்தனை தடவை பிரிச்சு மாட்டினே! ‘வளைவுல முன்பக்கம் முரண்டு புடிக்குது’ன்னு நான் ஒரு வார்த்தை சொன்னா போதும். நீ ராத்திரியெல்லாம் படுத்துக் கெடந்து, மறுநாள் அதை என் கைக்குக் கையுறை மாதிரி கொண்டு வந்து கொடுப்பே. நான் சொல்றதை அப்படிக் கேட்ட ஒரே ஆளு நீதான், சுஹைப். உன்னை எனக்குப் புடிச்சதே அதனாலதான். வண்டியப் பத்தி நான் சொன்னா கேட்டே. அதுக்கு வெளியில நான் பேசினது எதுவும் உன் காதுல விழலைன்னு எனக்கு இப்பத்தான் தெரியுது.

... என்ன? கல்யாணத்துக்கு அப்புறம் வேற வண்டியா? எதுக்கு? ஜெரஷ் ரோட்டுல போய் குனாஃபா இனிப்பு வாங்கிட்டு வரவா?... கேக்குறேன், சொல்லு. கல்யாணத்துக்கு அப்புறம் நீ உங்கப்பாகிட்ட சொல்லுவியா, ஓட்டுறது அரீஜ்னு?... ‘மெதுவா.’ ம். ‘நேரம் பாத்து.’ ம். ம்.

சரி. இப்ப நான் சொல்றதைக் கேளு. எனக்கு முன்னாடி மூணு வண்டிதான் இருக்கு. இன்னைக்கு நான் லாரிக்குப் பின்னாடி நிறுத்த மாட்டேன்.

... நிறுத்த மாட்டேன்னு சொன்னேன். முடிவுக்கோட்டைத் தாண்டி, வளைவுல திரும்பி, உன்னைத் தாண்டி நேரா மரத்தடிக்கு வருவேன். பாஷா உக்காந்திருக்குற பாய் ஓரத்துல நிறுத்துவேன். ஹெல்மெட்டைக் கழட்டுவேன். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேச மாட்டேன். அதுக்கப்புறம் முஹன்னத் ரிப்பனைக் கட்டிக்கட்டும், வண்டிய எடுத்துக்கிட்டுப் போகட்டும். கொடுத்த வார்த்தைய நான் கெடுக்கல. பாஷா முகத்துல கரி வேண்டாம். யாரு வண்டியக் கொடுத்தாங்கன்னு மட்டும் தெரிஞ்சு கொடுக்கட்டும்.

... கேவலமா? யாருக்குக் கேவலம்?... உங்கப்பா நெஞ்சைப் புடிச்சுக்குவாரா. எங்கம்மா ஒரு வாரமா நெஞ்சைப் புடிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. அவங்களுக்கு எப்பவோ தெரியும். என் உடுப்பைத் துவைக்கிறவங்க அவங்கதானே, பெட்ரோல் வாசனை தெரியாதா? வாயைத் திறக்கல, அவ்வளவுதான்.

... ஹலோ?... ஹலோ, சுஹைப்?... எங்க போனே? சத்தமே இல்ல... யாரோட பேசுறே?... யாருமில்லையா. சரி.

கேளு. நான் உன்னை அவமானப்படுத்த வரல. அல்லாஹ் அறிய அதுக்கு வரல. உனக்கு இன்னும் நேரம் இருக்கு. நான் கிளம்பி மேல வர்ற நேரம் முழுக்க உன்னோடது. நான் வளைவுல திரும்பும்போது நீ லாரி மறைவுலேர்ந்து வெளிய வா. ரோட்டு ஓரத்துல நில்லு. ஹெல்மெட்டைக் கழட்டிட்டு நில்லு. நான் வேகத்தைக் கொறைப்பேன். நீ பக்கத்துல ஏறிக்கோ... சீட்டு இல்ல, தெரியும், நீதானே புடுங்கினே. தரையில உக்காரு. கூண்டுக் கம்பியப் புடிச்சுக்கோ. ரெண்டு பேருமா போவோம். நான் ஓட்டுறேன், நீ பக்கத்துல இரு. ‘வண்டிய செஞ்சவன் நான், ஓட்டினவ இவ’ன்னு சொல்லு. ஒரே ஒரு வரி. அதை மட்டும் சொல்லிட்டா வியாழக்கிழமை நிக்காஹுக்கு நான் சிரிச்ச முகத்தோட வந்து உக்காருவேன். வண்டி போனது கூட எனக்கு வலிக்காது.

... சுஹைப்?... மறுபடியும் போயிட்டியா? ஹலோ?... என்ன ‘ஒரு நிமிஷம் இரு’? என்கிட்ட ஒரு நிமிஷம் எங்க இருக்கு? அடுத்தது கிரிகோர் மகன், அவனுக்கு அடுத்தது நான்... பேசிக்கிட்டே இருக்கணுமா? இவ்வளவு நேரம் பேச்சை முடி முடின்னே, இப்ப எதுக்கு... என்ன கேக்குறே? எஞ்சின் சூடு எவ்வளவா? சரியா இருக்கு. எண்ணெய் அழுத்தமும் சரியா இருக்கு. ஏன் இப்ப இதையெல்லாம்...

இரு. கொடிக்காரர் வர்றாரு. கண்ணாடிய எறக்கச் சொல்றாரு.

(போனை மடியில் வைத்துவிட்டுப் பேசுகிறாள். குரல் சற்றுத் தொலைவிலிருந்து ஒலிக்கிறது.)

சொல்லுங்க மாமா... இல்ல, தயாராத்தான் இருக்கேன்... எந்த வண்டி? இருபத்தேழா? என்னோடதா?... யாரு?... சொந்தக்காரரா?... எப்ப? இப்பவா?... இல்ல, உங்களை ஒண்ணும் சொல்லல மாமா. நீங்க என்ன பண்ணுவீங்க. சட்டம் அப்படித்தான். ஓட்டுறவ நான், வண்டி அவரோடது. அவரு வேண்டாம்னா வேண்டாம்தான்... சரி. வரிசையை விட்டுத் தள்ளிக்கிறேன்.

(மடியிலிருந்த போனை எடுக்கிறாள். பிறகு குரல் மிக அருகில் வருகிறது.)

சுஹைப்.

வண்டிய வாபஸ் வாங்கிட்டியா.

... அதுக்குத்தானா எண்ணெய் அழுத்தம். அதுக்குத்தானா ‘பேசிக்கிட்டே இரு’. ஒரு காதுல என்னை வச்சுக்கிட்டு இன்னொரு பக்கம் யாரை அனுப்பினே, உன் தம்பியவா?... செயலாளர் மேசைக்கு அனுப்பினியா. சொந்தக்காரர் கையெழுத்தோட. பரவால்ல. நல்லா ஓட்டத் தெரிஞ்சிருக்கு உனக்கும்.

... அழாதே. நீ ஏன் அழுறே? ஓட்டம் போனது எனக்கு.

(எதிர்முனையிலிருந்து ஒலிபெருக்கியின் கரகரப்பு போன் வழியாகவே தேய்ந்து வருகிறது.)

... இரு, அது என்ன சத்தம்? உன் பக்கத்து ஒலிபெருக்கியா? என்ன சொல்றான்?... ‘இருபத்தேழாம் எண் ஓடாது. சொந்தக்காரர் சுஹைப் அப்துல் முன்இம் கேட்டுக்கிட்டபடி... ஓட்டுநரும் வண்டியும் கீழ, கிளம்புற எடத்துல...’

அட, ஆண்டவனே.

சுஹைப், நீ இதை யோசிக்கவே இல்லையா? ஓட்டுநர் கீழ இருக்காருன்னு இப்ப மலை முழுக்கச் சொல்லிட்டான். சொந்தக்காரன் நீ மேல நிக்கிறே. சிவப்பு உடுப்போட. ஹெல்மெட்டோட. நான் மரத்தடிக்கு வந்திருந்தா கூட நம்ம ரெண்டு வீட்டுக்கு மட்டும்தான் தெரிஞ்சிருக்கும். நீயே கூப்பிட்டு ஊருக்குச் சொல்லிட்டே!

... என்ன? யாரு வர்றா?... முஹன்னதா? லாரிக்கு இந்தப் பக்கம் வந்துட்டானா?... ஆமா, கேக்குது, அவன் குரல்தான். ‘நீ இங்க இருந்தா வண்டியில யாரு’ன்னு கேக்குறான். முட்டாளுக்கும் கணக்கு வருது பாரு. பின்னாடி யாரு? பெரியப்பாவா? பாஷா இருமுறது கூடக் கேக்குது.

சுஹைப், போனை வைக்காதே. வைக்காதே. நான் பேச மாட்டேன், நீ பேசு. கேட்டுட்டாங்க பாரு. மறுபடியும் கேட்டுட்டாங்க, அதே கேள்விய. ஓட்டுறது யாருன்னு. இப்ப காப்பியும் இல்ல, ஜாஹாவும் இல்ல. நீ, அவங்க, மலை. சொல்லு. என் பேரு மூணே எழுத்து. சொல்லு, சுஹைப்.

(யாரோ எங்கோ ஒரு கதவை அறைந்து சாத்துகிறார்கள்.)

...

... கேட்டுச்சு.

... நல்லா கேட்டுச்சு. போனைக் கையால பொத்தினே, இருந்தும் கேட்டுச்சு. ‘ஒர்க்‌ஷாப் பையன் ஒருத்தன், வண்டிய மேல கொண்டு வர அனுப்பினேன்.’

ஒர்க்‌ஷாப் பையன்.

... இல்ல, விளக்கம் வேண்டாம். புரிஞ்சுக்கிட்டேன். ‘இப்போதைக்கு’தான், எனக்குத் தெரியும். உனக்கு எல்லாமே இப்போதைக்குத்தான்... இல்ல, கோவம் இல்ல. நிஜமாவே இல்ல. பெல்ட்டைக் கழட்டிட்டேன். எறங்கிட்டேன். கிரிகோர் அண்ணனும் ரெண்டு பேரும் வண்டிய ஓரமாத் தள்ளுறாங்க. சாவி உள்ளயே இருக்கு. அவரு லாப்டாப்பை வெளிய எடுத்து வச்சிருக்காரு. உன் அடக்கமான அமைப்பைத் திரும்பப் போட்டுக் கொடுக்கச் சொல்லிட்டேன், முஹன்னத் உசுருக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. அவன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.

... வியாழக்கிழமையா? வியாழக்கிழமைக்கு யாரையும் கூப்பிட வேண்டாம்னு பாஷாகிட்ட சொல்லிடு. அவரு நல்லா பேசுவாரு, எல்லாருக்கும் அழகா எடுத்துச் சொல்லுவாரு.

... என்ன கேக்குறாரு பெரியப்பா? யார் வீட்டுப் பையன்னா?... திணறாதே. நான் சொல்லித் தர்றேன். அந்தப் பையன் மேல வந்துக்கிட்டு இருக்கான்னு சொல்லு. ரோட்டுல பந்தயம் ஓடுது, அதனால ஜனங்க நிக்கிற பக்கமா, கயித்தை ஒட்டி நடந்து வர்றான். கொஞ்சம் நேரமாகும், ஏத்தமில்ல? சிவப்பு உடுப்பு. ஹெல்மெட் கையில இருக்கும். வழியில நிக்கிறவங்க எல்லாம் பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க. பெரியப்பாவை முன்னாடி வந்து நிக்கச் சொல்லு. முகத்தைப் பாத்தா அவருக்கு அடையாளம் தெரியும்.

வைக்கிறேன்.